பதினேழாம் பாட்டின் ஓரம்

கடையில் லேமினேஷன் மிஷின் சூடேறும்போது ஒரு வாசனை வரும். வெறும் பிளாஸ்டிக் வாசனைதான், பெருமைப்பட ஒன்றுமில்லை. போன வாரம் அந்த வாசனைக்கு நடுவில் ஷைனி வந்து நின்றாள். வங்கியில் வேலை பார்ப்பவள்; பக்கத்துத் தெரு கிறிஸ்தவ சபையில் பாடகர் குழுவையும் அவள்தான் நடத்துகிறாள். "அக்கா, ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு ஆறு பாட்டு ஸ்லைடு பண்ணணும். எழுத்து பெருசா இருக்கட்டும், பின்னால மலை, அருவின்னு ஏதாச்சும் படம் வச்சுருங்க" என்று பென்டிரைவை நீட்டினாள்.

எனக்கும் சபைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நான் பள்ளத்தூர்க்காரி, செவ்வாய்க்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள், நெற்றியில் குங்குமம் இல்லாமல் கடையைத் திறக்காதவள். கம்ப்யூட்டரில் தமிழ் அடிப்பதும் நோட்டீஸ் போடுவதும் என் பிழைப்பு. ஆறு பாட்டையும் மேலோட்டமாக ஓட்டிக்கொண்டே வந்தவள், நான்காவது பாட்டின் முதல் வரியில் நின்றுவிட்டேன்.

"வாசல் திறந்தே வைத்தேன் நான்."

இந்தப் பாட்டை முதன்முதலில் தட்டச்சு செய்தது நான்தான். இதற்காக வக்கீல் மாதிரி வாதாடியும் இருக்கிறேன். சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

எனக்கு முதல் வேலை கிடைத்தது செக்காலை ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில். முன்னறை முழுக்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் தொங்கும். பின்னறையில் மிஷின். உருளைகளை மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பார்கள். முதல் மாதம் அந்த வாசனையால் தலைவலி. இரண்டாவது மாதத்திலிருந்து அந்த வாசனை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவலி. ஆறு மாதம் கம்ப்யூட்டர் கிளாஸ் போன தைரியத்தில் சேர்ந்த எனக்கு ஒற்றெழுத்தெல்லாம் கடவுள் விட்ட வழி. முதலாளி செட்டியார் மட்டும் தினமும் ஒரே பாட்டைப் பாடுவார்: "ஆத்தா, நமக்கு எல்லாச் சாமியும் வாடிக்கதான். பிழை மட்டும் வரப்படாது."

அந்த அச்சகத்துக்குத்தான் எட்வின் சார் வந்தார். மின்வாரிய அலுவலகத்தில் கிளார்க், முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய சபையில், உறுப்பினர்களே எழுதிய பாட்டுகளைச் சேர்த்து ஒரு புத்தகம் போட முடிவு செய்திருந்தார்கள். பாட்டுகள் வேதத்துக்கு ஒத்துவருகின்றனவா என்று பார்க்க மூன்று பேர் கொண்ட குழு. மற்ற இரண்டு பேரும் சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போடுவதோடு சரி. பார்க்கிற வேலை முழுக்க எட்வின் சாருடையது. சாயங்காலம் ஐந்தரைக்கு அலுவலகம் முடிந்து, சாப்பாட்டுப் பையோடு நேராக அச்சகத்துக்கு வந்துவிடுவார். காதில் சிவப்புப் பென்சில் செருகியிருக்கும்.

வந்த முதல் நாளே என் கையில் ஒரு நீல டைரியைக் கொடுத்தார். பாட்டு எழுதுகிற யாரும் அவரிடம் கொடுக்கக்கூடாது, என்னிடம்தான் கொடுக்கவேண்டும். நான் பேரை டைரியில் எழுதிக்கொண்டு, பாட்டுக்கு ஒரு எண் மட்டும் போட்டுத் தட்டச்சு செய்து அவரிடம் தரவேண்டும். கையெழுத்தைப் பார்த்துக்கூட அவர் யாருடையது என்று கண்டுபிடித்துவிடக்கூடாது.

"ஏன் சார் நானு?" என்றேன்.

"நீ எங்க சபையும் இல்ல, சொந்தமும் இல்ல தங்கச்சி. எவுக பேரப் பாத்தாலும் ஒனக்கு ஒண்ணுதான். எனக்கு அப்பிடியில்ல" என்றார்.

இன்னொரு ஏற்பாடும் வைத்திருந்தார். பாட்டைப் பாடிப் பார்க்கக்கூடாது. செய்தித்தாள் மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிக்கத்தான் வேண்டும். ராகம் நல்லா இருந்தால் தப்பான வரியும் சரி என்று தோன்றிவிடுமாம். அவர் ஒவ்வொரு வரியாக அப்படி வாசித்து, அந்த வரிக்கு ஆதாரமான வசன எண்ணைச் சொல்வார். நான் மேஜையில் இருக்கும் பைபிளைப் புரட்டிச் சரிபார்த்து, வரிக்கு நேரே ஓரத்தில் அந்த எண்ணைப் பொடி எழுத்தில் அடிக்கவேண்டும். ஒரு வரிக்கு வசனம் இல்லையென்றால் எழுதியவர் அதை மாற்றித் தரலாம். இரண்டு வரிக்கு இல்லையென்றால் பாட்டே திரும்பிவிடும்.

முதல் புரூப்பில் நான் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும். கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அடித்துப் பழகிய கை. சபைப் பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்க உச்சியில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன். எட்வின் சார் அதை வெகுநேரம் பார்த்தார். எனக்கு வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் பென்சிலை எடுத்து, சுழிக்கு நேரே ஓரத்தில் "வசனம்?" என்று எழுதி என் பக்கம் தள்ளினார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சிரிக்க நிறைய இருந்தது என்பது வேறு விஷயம். ஒருவர் பரலோகத்துக்கு ரயிலில் போவதாக எழுதியிருந்தார். "ஸ்டேஷன் பேரு எந்த அதிகாரத்துல இருக்கு?" என்றார் சார். இன்னொரு பாட்டில் வீடு வரும், கார் வரும், வேலை வரும் என்று வந்துகொண்டே இருந்தது. "இத, எல்லாத்தையும் பறிகுடுத்த யோபு வீட்டு வாசல்ல நின்னு பாடச் சொல்லு" என்று கோடு போட்டார். பார்வை, ஏக்கம், அணைப்பு என்று போன ஒரு பாட்டைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, "தங்கச்சி, இது ஆண்டவருக்கா அத்தமகளுக்கா?" என்றார். கோடு போட்டது போட்டதுதான். ஆனால் திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு பாட்டின் கீழேயும், எதைப் படித்துவிட்டு மறுபடி எழுதலாம் என்று இரண்டு வரி எழுதி வைப்பார்.

ஒருநாள் நண்பகலில் குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். எட்டாக மடித்த நோட்டுத் தாள் ஒன்றைக் கொடுத்தாள். பேரைக் கேட்டேன். ஸ்டெல்லா என்றாள். கணவர் பேரைக் கேட்டபோது சற்றுத் தயங்கி, "சாயங்காலம் இங்குட்டு வாராகள்ல, அவுகதான்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்வின் சார் மனைவி.

"அவுகளுக்குத் தெரிய வேணாம் தங்கச்சி. தெரிஞ்சா பாவப்பட்டுப் பாட்ட விட்டுருவாக, இல்ல பயந்துபோய்க் கோடு போட்டுருவாக. ரெண்டும் வேணாம் எனக்கு. மத்தவுக பாட்டப் பாக்குற மாதிரிப் பாக்கட்டும். பேரச் சொல்ல மாட்டேயில்ல?"

சொல்ல மாட்டேன் என்றேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவளே சொன்னாள்.

"ஆறு வருசம் கழிச்சு ஒரு பொம்பளப்பிள்ள பொறந்துச்சு. பதினோரு நாள் இருந்துச்சு. எட்டு மாசமாச்சு. அன்னையிலருந்து அவுக அதப் பத்தி வாயத் தொறக்கல. பேரக்கூடச் சொல்ல மாட்டேங்குறாக. ஆபீஸ் போறாக, ஜெபம் பண்றாக, இங்குட்டு வாராக. நான் அடுப்படில இதை முணுமுணுத்துக்கிட்டுக் கெடக்கேன்."

மெட்டு என்ன என்று எழுதவில்லையே அக்கா என்றேன். அது தானாக வந்தது, அதற்குப் பேரெல்லாம் இல்லை என்றாள். டைரியில் பதினேழு என்று எழுதி, அவள் பேரை எழுதிக்கொண்டேன்.

பாட்டு இதுதான்:

வாசல் திறந்தே வைத்தேன் நான்
வந்தவர் திரும்பிப் போனதும் ஏன்?
தூங்கியதெல்லாம் போதுமய்யா
எழுந்தென் வீட்டைப் பாருமய்யா.

அதற்குக் கீழே இன்னும் நாலு வரி. விளக்கை அணைக்காமல் காத்திருப்பேன் என்று முடியும். அடுத்து வந்த திங்கட்கிழமை சாயங்காலம் எட்வின் சார் இதையும் செய்தித்தாள் மாதிரி வாசித்தார். முதல் வரிக்கு வசனம் சொன்னார். இரண்டாவது வரியில், "வந்தவரு யாரு? யாரு திரும்பிப் போனா? இதுக்கு வசனம் இல்ல" என்று கோடு போட்டார். மூன்றாவது வரியில் தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கோடு போட்டார்.

"ஆண்டவரப் பாத்துத் தூங்குறீருன்னு சொல்றதா? நம்மளக் காக்குறவரு கண்ணசர மாட்டாருன்னு வேதத்துல, சங்கீதத்துலயே இருக்கு. சின்னப்பிள்ளைக்கும் தெரியும். முறையிடலாம் தங்கச்சி, குத்தம் சொல்லக்கூடாது. ரெண்டு வரி போச்சு. சனிக்கெழம திருப்பிக் குடுத்துரு."

வேறு பாட்டுக்கு அவர் அப்படிக் கோபப்பட்டதில்லை. தன் மனசு சொல்லிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்ததை வேறு யாரோ எழுதிக் காட்டியது போலத்தான் இருந்திருக்கும் அவருக்கு. இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

"சனிக்கெழமைக்குள்ள நான் வசனம் கண்டுபிடிச்சா?" என்றேன்.

"நீயா? தேடு" என்றார்.

எனக்கு இருந்த ஒரே நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பெண்கள் அம்மன் முன்னால் நின்று, "ஒனக்குக் கண்ணு இல்லையா ஆத்தா? கல்லாத்தான் போயிட்டியா?" என்று கேட்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கேட்டுவிட்டு அவர்களே தேங்காயும் உடைப்பார்கள். இவ்வளவு பெரிய புத்தகத்தில் ஒருத்தராவது அப்படிக் கேட்காமலா இருந்திருப்பார்?

பைபிளை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனேன். பள்ளத்தூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் விரித்துவிடுவேன். அம்மா இரண்டு நாள் பார்த்தாள். "என்னடி பரிச்சைக்குப் படிக்கிற மாதிரிப் படிக்கிற?" என்றாள். ஆபீஸ் வேலை என்றேன். "செரி செரி, சனிக்கெழம அரியக்குடிப் பெருமாளுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போ. அவரு கோவிச்சுக்கப் போறாரு" என்றாள்.

புதன்கிழமை எனக்கு ஒரு படகு கிடைத்தது. புயலில் படகு ஆடுகிறது, இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார், கூட இருக்கிறவர்கள் பதறி எழுப்புகிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் சார் செருப்பைக் கழற்றுவதற்குள் எடுத்து நீட்டினேன்.

"அது வேற" என்றார் அவர். "அங்க மனுச ஒடம்புல இருந்தாரு, அசந்து தூங்குனாரு. இந்தப் பாட்டு வானத்துல இருக்குறவரப் பாத்துப் பாடுது. செல்லாது."

வெள்ளிக்கிழமை மதியம், ஒரு மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையை அடித்து முடித்துவிட்டுச் பைபிளில் உள்ள பழைய பாட்டுகளான சங்கீதங்களில் மேய்ந்துகொண்டிருந்தேன். நாற்பத்து நாலாம் சங்கீதம் முடியப் போகிற இடத்தில் இருந்தது. யாரோ ஒருவர், தன் ஜனமெல்லாம் அடிபட்டுக் கிடக்கிறபோது, ஆண்டவரிடமே கேட்கிறார்: ஏன் தூங்குகிறீர், விழித்துக்கொள்ளும், எழுந்து வாரும் என்று. படகு இல்லை, புயல் இல்லை. நேருக்கு நேர் அதே கேள்வி. நான் எழுந்து நின்றுவிட்டேன். முதலாளி, "என்ன ஆத்தா, பிழையா?" என்றார். "இல்ல அப்பச்சி, சரியா இருக்கு" என்றேன்.

எட்வின் சார் வீட்டில், ஒரு சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று தேடும் தடிப் புத்தகம் இருந்தது; அவரே பார்த்திருக்கலாம். ஆனால் மனப்பாடமாகத் தெரிந்த விஷயத்துக்கு யார் அகராதி புரட்டுவார்கள்?

சாயங்காலம் நான் பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவர் வாசித்தார். மறுபடி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் வாசித்தார்.

"வருசா வருசம் முழுசும் வாசிக்கிறேன். இதையும் வாசிச்சுருக்கேன் தங்கச்சி. கண்ணு மேல போயிருச்சு, நிக்கல" என்றார். பென்சிலின் பின்பக்கத்து ரப்பரால் மூன்றாவது வரியில் தான் போட்ட கோட்டை அழித்தார். சிவப்பு முழுசாகப் போகவில்லை. ஓரத்தில் 44 : 23 என்று அவரே எழுதினார்.

ஒரு வரிதான் பாக்கி என்பதால் பாட்டு தப்பித்தது. இனி அச்சுக்கு, எந்த வரியை இரண்டு தடவை பாடவேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் போடவேண்டும். மெட்டின் பேர் இல்லாததால், வரி எங்கே திரும்புகிறது என்று பாடித்தான் பார்க்கவேண்டும். தேர்வு முடிந்த பாட்டு என்பதால் பாடலாம். மேஜையில் விரலால் தட்டிக்கொண்டு மெதுவாகத் தொடங்கினார். வாசல் திறந்தே வைத்தேன் நான். முதலில் ஏதோ ஒரு ராகத்தில் போனார், ஒட்டவில்லை. இரண்டாம் முறை அந்தச் சொற்கள் தானாகவே வேறொரு ராகத்தில் போய் உட்கார்ந்தன. மூன்றாவது வரியில் விரல் நின்றது.

எட்டு மாதமாக அவர் வீட்டு அடுப்படியில் சொல் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்த ராகம் அது.

அவர் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். நீல டைரி எங்கள் இருவருக்கும் நடுவில்தான் கிடந்தது. அவர் கையை அதன் பக்கம் கொண்டுபோகவில்லை. நானும் கொடுத்த வாக்கை மீறவில்லை. பின்னறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால், அவர் அழுத சத்தம் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

புரூப் அச்சகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பதும் அவர் வைத்த சட்டம்தான். அன்றைக்கு அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை சார் மனைவியோடு வந்தார். ஸ்டெல்லா அக்காவின் முகம் வீங்கியிருந்தது, சாரின் முகமும்தான். ஆனால் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சார் மடித்த தாளை மேஜையில் விரித்தார். இரண்டாவது வரி, வந்தவர் திரும்பிப் போனதும் ஏன் என்ற வரி. அதற்கு நேரே ஓரத்தில், வசன எண் இருக்கவேண்டிய இடத்தில், சிவப்புப் பென்சிலால் ஒரு பெண்பிள்ளையின் பேர் எழுதியிருந்தது. அவருடைய கையெழுத்து.

"இந்த வரிய மாத்த வேணாம் தங்கச்சி. பேர அச்சுல போட வேணாம், அந்த எடத்த மட்டும் காலியா விட்டுரு" என்றார்.

"ஒங்க சட்டம் என்னாகுறது சார்?" என்றேன். அந்த நேரத்திலும் அப்படிக் கேட்க எனக்குத்தான் வாய் வரும்.

"எங்க வசனம் முடியுதோ அங்குட்டு மனுசன் நிக்கத்தான வேணும்" என்றார். கையெழுத்துப் போட வந்த குழுக்காரர்கள் இரண்டு பேரும் அன்றும் எதையும் படிக்காமல் போட்டுவிட்டுப் போனார்கள். அதற்காக அவர்களுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

புத்தகம் வந்தது. வரிக்கு வரி ஓரத்தில் பொடி எண்கள். என் டைரிக் கணக்கில் பதினேழாம் பாட்டின் இரண்டாவது வரிக்கு நேரே மட்டும் வெள்ளையாக ஒரு இடம். வாங்கிய பலரும் அச்சுப்பிழை என்றார்கள். முதலாளியும் அப்படித்தான் நினைத்து என்னைத் திட்டினார். என் வாழ்நாளில் நான் திட்டு வாங்கியும் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

மூன்று வருஷத்தில் சாருக்குப் பரமக்குடிக்கு மாற்றல் வந்தது. சில வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது, பிறகு நின்றுபோனது. அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. செட்டியார் போய்ச் சேர்ந்துவிட்டார். புத்தகத்தின் ஒரு பிரதிகூட என்னிடம் இல்லை. நீல டைரியைக் கரையான் தின்றுவிட்டது. இந்தக் கதையில் எல்லார் பேரையும் மாற்றித்தான் சொல்கிறேன். ஓரத்தில் எழுதிய அந்தப் பேரை மட்டும் மாற்ற மனசு வரவில்லை, அதனால் அதை எழுதவில்லை.

ஷைனியின் பென்டிரைவுக்கு வருகிறேன். பாட்டின் அடியில் "எழுதியவர் தெரியவில்லை" என்று இருந்தது. முதல் இரண்டு வரியும் சரி. அடுத்த இரண்டும் வேறாகியிருந்தன: தூங்குவதில்லை என் தேவன், என்றும் என் வீட்டைக் காப்பவரே.

"இது இப்பிடி இல்லையே ஷைனி" என்று பழைய வரிகளைச் சொன்னேன்.

அவள் முகம் சுளித்தாள். "வாட்ஸப்புல இப்பிடித்தான் வந்துச்சு. தூங்குனது போதும்னு ஆண்டவரப் பாத்துச் சொல்லலாமாக்கா? வசனத்துக்கு எதுப்பா இருக்கே."

"நாப்பத்து நாலாம் சங்கீதம், இருவத்து மூணு. பாருங்க" என்றேன்.

அவள் என் குங்குமத்தை ஒரு தரம் பார்த்தாள். போனை எடுத்துத் தேடினாள், வாசித்தாள். நின்றுகொண்டிருந்தவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "பழைய வரியே போடுங்கக்கா" என்றாள். எனக்காக இல்லை, அவளுக்கும் ஏதோ இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

அடித்துக் கொடுத்தேன். ஓரத்தில் வசன எண்களையும் போடட்டுமா என்று கேட்டேன். "ஸ்கிரீன்ல அதெல்லாம் யாரு பாக்கப் போறாக, வேணாங்க்கா" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். மலையும் அருவியும் பின்னால் நிற்க, எட்டு வரியும் பெரிய எழுத்தில் நன்றாகத்தான் இருந்தன. எந்த வரிக்கு நேரேயும் எதுவும் இல்லை. எல்லா ஓரமும் காலியாக இருந்ததில், அந்தப் பிள்ளைக்காக விட்ட இடம் எது என்று தெரியாமல் போய்விட்டது.